மேற்கே மின்னினால்

மணலி புதுநகர் வந்து குடியேறியவர்களால் ஆன ஊர். சுற்றியிருக்கும் இடையன்சாவடி, விச்சூர், சடையங்குப்பம், வெள்ளிவாயல்சாவடி எல்லாம் பழைய கிராமங்கள். நடுவே இருக்கும் புதுநகர் மட்டும், மறைமலை நகரைப்போலச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் வரைபடத்தில் கோடு போட்டு மனை பிரித்த துணைநகரம். தெற்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, கிழக்கே எண்ணூர், வடகிழக்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையம். இவற்றை நம்பி நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அய்யா வைகுண்டர் பதியையும் இங்கே எழுப்பிக்கொண்டார்கள். அதன் புரட்டாசித் திருவிழா பத்து நாள் நடக்கிறது. அவர்களுக்குப் பின்னால் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்காரர்கள் வந்தார்கள். இவர்கள் எல்லோரிடமும் சொந்த ஊர் இடியைப் பற்றிய ஒரு பாடம் இருக்கிறது. எந்த மாதம் இடிக்கும், எந்த நேரம், எந்தத் திசையிலிருந்து, வருவதற்கு முன் எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்பதெல்லாம் சின்ன வயதிலேயே மனதில் பதிந்த விஷயங்கள். அந்தப் பாடத்தில் ஒரு வரிகூட இந்த ஊருக்குப் பொருந்தாது.

நெல்லைச் சீமைக்காரருக்கு இடி என்றால் சித்திரை, வைகாசி. இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை. மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கருக்கும், சாயங்காலத்துக்குள் ஒரு வழியாகிவிடும். ஆடி, ஆவணியில் அங்கே காற்றுதான். குற்றாலத்துச் சாரல்கூட சத்தமில்லாமல் பெய்யும். பீகார், ஒடிசாக்காரருக்குக் கோடையின் மாலை நேரத்தில் வடமேற்கிலிருந்து வரும் புயற்காற்றோடு கூடிய இடி பழக்கம். வங்காளத்தில் அதைக் கால்பைசாகி என்பார்கள். மணலியிலோ இடியின் முக்கியமான காலம் வைகாசிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி வரை நீள்கிறது. அது வரும் நேரம் பெரும்பாலும் இரவு. திசை மேற்கு.

2025 ஆகஸ்ட் 30, சனிக்கிழமை. ஆவணி மாதம். இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி நள்ளிரவு வரை வடசென்னையின் இந்த மூலையில் கொட்டிய மழையை, மேக வெடிப்பு என்று சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மறுநாள் அறிவித்தது. மணலியில் 27 சென்டிமீட்டர், மணலி புதுநகரில் 26, விம்கோ நகரில் 23. ஒரு மணி நேரத்துக்குள் 10 சென்டிமீட்டர் விழுந்தால் அதை மேக வெடிப்பு என்பது இந்திய வானிலைத் துறையின் கணக்கு. பத்திரிகைகளில் இந்தச் சொல் இமயமலைச் செய்திகளோடுதான் வழக்கமாக வரும். கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மலையே இல்லாத சமவெளியில் அது எப்படி நடந்தது என்று பலர் கேட்டார்கள். ஒரு மாதம் முழுக்கச் சென்னைக்கு ஆகஸ்டில் கிடைக்கும் சராசரி மழையைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான தண்ணீர் ஓரிரு மணி நேரத்தில் எங்கிருந்து வந்தது?

பதிலை அன்றைய மதியத்திலிருந்து தேட வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று சென்னைக்கு வரும்போது மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் ஈரத்தைப் பெருமளவு இறக்கிவிட்டு வருகிறது. ஆகையால் காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று வறண்டது. வெயில் ஏற ஏற வேலூர், ராணிப்பேட்டை, சித்தூர்ப் பக்கத்து நிலம் கொதிக்கிறது. மதியம் கடற்காற்று கிளம்பி எண்ணூரைத் தாண்டி உள்ளே போகிறது. கனமான, குளிர்ந்த, ஈரமான அந்தக் காற்று தரையோடு தவழ்ந்தபடி, முன்னே இருக்கும் சூடான காற்றை மேலே நெம்பித் தள்ளிக்கொண்டே மேற்கு நோக்கி நகரும். மாலைக்குள் அது ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் வரைகூடப் போய்விடும். மேற்கேயுள்ள வெப்பமும் கடலின் ஈரமும் சந்திக்கும் இடத்தில் மேகம் எழும்புகிறது. மணலியில் மாலை ஐந்து மணிக்கு வானம் சுத்தமாக இருக்கலாம். அந்த இரவு இங்கே பெய்யப்போகும் மழை நூறு கிலோமீட்டர் தள்ளிக் கருவாகிக்கொண்டிருக்கும்.

அப்படி எழும்பிய மேகம் 15 கிலோமீட்டர் உயரம்வரைகூடப் போகும். உள்ளே மழை விழத் தொடங்கியதும், அந்த மழையால் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்குகிறது. குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் காலடியில் வழியும் குளிரைப்போல, அது தரையில் மோதி நாலாபுறமும் பரவுகிறது. பரவும் குளிர்காற்று தனக்கு முன்னே உள்ள ஈரக் காற்றைத் தூக்கி, அடுத்த மேகத்தைக் கிளப்பிவிடுகிறது. ஒன்று ஓய, அடுத்தது எழ, இப்படியே இடிமழைத் திரள் கிழக்கே நடந்து வருகிறது. அதன் வேகம் பெரும்பாலும் மணிக்கு 20 முதல் 40 கிலோமீட்டருக்குள். நாலு மணிக்கு ராணிப்பேட்டையில் தொடங்கியது சென்னைக்கு வருவதற்கு எட்டு, ஒன்பது, பத்தாகிவிடுவதற்கு இதுதான் காரணம். கரைக்கு அருகே வந்ததும் பகல் முழுக்கக் கடற்காற்று கொண்டுவந்து குவித்த ஈரம் அதற்குக் காத்திருக்கிறது. திரளின் முனையும் கடல் காற்றும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டால், முன்னே நகர வேண்டிய மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஊரின் மேல் வந்து கொட்டும். அப்போது மலை தேவையில்லை. காற்றும் காற்றும் மோதுவதே மலையின் வேலையைச் செய்துவிடும்.

27 சென்டிமீட்டர் என்பதைச் செய்தியில் படித்தால் பெரிதாகத் தோன்றாது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 600 சதுர அடி மொட்டை மாடியின்மேல் அந்த இரவு விழுந்தது 15,000 லிட்டர். 12,000 லிட்டர் மெட்ரோ வாட்டர் லாரி ஒன்று அதற்குப் போதாது. அந்த ஒரு மாடியளவுத் தண்ணீர் நீராவியிலிருந்து நீராக மாறியபோது மேகத்துக்குள் வெளிப்பட்ட வெப்பம், மின்வாரியக் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 10,000 யூனிட். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் எரிக்கும் குடும்பத்துக்கு நாலு வருஷக் கரண்ட். தெருவில் உள்ள எல்லா மாடிகளுக்கும், சாலைகளுக்கும், ஏரிகளுக்கும் இதைப் பெருக்கிக்கொள்ளலாம். மேகத்தை 15 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கும் எஞ்சினுக்கு எரிபொருள் இதுதான்.

வடக்கே இருந்து வந்தவர்கள் இந்த ஊர் இடியைப் பற்றிச் சொல்லும் குறை ஒன்று உண்டு: சொல்லாமல் வருகிறது. ஊரில் என்றால் ஒரு மணி நேரம் முன்னாடியே வானம் இருட்டும், மாட்டைப் பிடித்துக் கட்ட நேரம் இருக்கும். இங்கே அப்படி இல்லை என்பார்கள். இதைச் சும்மா பேச்சு என்று தள்ள முடியாது. வானத்தின் உச்சியில் அதற்குக் காரணம் இருக்கிறது. இடிமேகத்தின் தலை ஒரு உயரத்துக்கு மேல் போக முடியாமல் பக்கவாட்டில் தட்டையாக விரியும். அந்தத் தட்டை எந்தப் பக்கம் இழுபடும் என்பதை அங்கே வீசும் காற்று முடிவு செய்கிறது. பீகாரில் கோடையில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே காற்று ஓடுகிறது. இடிமேகமும் கிட்டத்தட்ட அதே பக்கம் நகர்கிறது. ஆகவே மேகத்தின் தட்டை அதற்கு முன்னால் ஓடிவந்து ஊரை இருட்டாக்கி எச்சரித்துவிடும். சென்னையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கதையே வேறு. 14, 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி மணிக்கு நூறு கிலோமீட்டரையும் தாண்டும் வேகத்தில் ஒரு காற்றாறு ஓடுகிறது. இந்திய வானிலைத் துறையில் பணியாற்றி, பிறகு அதன் தலைமைப் பொறுப்புக்கும் வந்த பி. கோட்டேஸ்வரம் 1950களில் அடையாளம் காட்டிய வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டம் அது. கீழ்ப்பகுதிக் காற்று மேகத்தைக் கிழக்கே தள்ள, இந்த உச்சிக் காற்று அதன் தலையை மேற்கே, வந்த வழியிலேயே இழுத்துப் போட்டுவிடும். நம்மை நோக்கி வரும் இடிமேகத்துக்கு முன்னே திரை கிடையாது. நட்சத்திரம் தெரியும் வானத்திலிருந்து நேராக அதன் நடுப்பகுதி தலைமேல் வந்து நிற்கும்.

அதனால் எச்சரிக்கையே இல்லை என்று அர்த்தமில்லை. வேறு மாதிரி இருக்கிறது.

ராத்திரி எட்டு மணிக்கு மாடிக்குப் போய் மேற்கே பாருங்கள். அடிவானத்தில் சத்தமில்லாமல் பளிச் பளிச் என்று வெட்டினால், சும்மா மின்னுது, மழை வராது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக்கூடும். ஆவணி மாதத்தில் அதை நம்ப வேண்டாம். இடியோசை பொதுவாக 15, 20 கிலோமீட்டருக்கு மேல் கேட்பதில்லை. உயரமான மேகத்தின் வெளிச்சமோ இரவில் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். சத்தமில்லாத மின்னல் என்றால் தூரத்து மின்னல், அவ்வளவுதான். அரை மணி கழித்து மறுபடி பார்க்கையில் வெளிச்சம் இன்னும் உயரத்தில், இன்னும் அகலமாகத் தெரிந்தால் அது நடந்து வருகிறது. இங்கே ஒரு சிக்கல்: தெற்கே ஆலையில் கழிவு வாயுவை எரிக்கும் ஃபிளேர் எரியும்போது தாழ்ந்த மேகம் செம்மஞ்சளாக ஒளிரும். புதிதாக வந்தவர்கள் அதையும் மின்னல் என்று நினைப்பதுண்டு. ஃபிளேர் வெளிச்சம் அலைபாயும், ஆனால் அணையாது. மின்னல் வெண்ணீலமாக வெட்டி அணைந்துவிடும்.

மூக்கும் உதவும். மாலையில் தெற்கு, தென்கிழக்கிலிருந்து காற்று வரும்போது ஆலைப்பக்கத்து வாடை புதுநகருக்கு வந்து சேரும். அது திடீரென்று அறுந்து, மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று மண்வாசனையோடு முகத்தில் அடித்தால், மேலே சொன்ன கீழிறங்கிய குளிர்காற்றின் முனை வந்துவிட்டது என்று பொருள். மிஞ்சியிருப்பது நிமிடக்கணக்கு. தகரமும், ஃபிளெக்ஸ் பேனரும், மாடியில் கட்டாமல் வைத்த காலி சின்டெக்ஸ் தொட்டியும் பறப்பது மழைக்கு முன்னே வரும் இந்தக் காற்றில்தான்.

கருவிகளும் இருக்கின்றன. இந்தியாவின் முதல் டாப்ளர் ரேடார் 2002இல் சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் நிறுவப்பட்டது. புதுநகரிலிருந்து அந்த இடம் 15 கிலோமீட்டர்கூட இல்லை. ரேடார் படத்தை வானிலைத் துறையின் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பல படங்களில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் பழைய படத்தைப் பார்த்துப் பதறியவர்களும், புதிய படத்தைப் பழையதென்று விட்டவர்களும் உண்டு. இன்னொன்று: ரேடாருக்கு மிக அருகில் இருப்பது நமக்கு அனுகூலம் அல்ல. வழக்கமான சுழற்சியில் ரேடார்த் தட்டு அண்ணாந்து பார்ப்பது சுமார் 20 பாகை வரைதான். 12 கிலோமீட்டர் தூரத்தில் அது நாலரை கிலோமீட்டர் உயரத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேலே மேகம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது அதன் கண்ணில் படாது. அதைப் பள்ளிக்கரணை, ஸ்ரீஹரிகோட்டா ரேடார்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே நம் தலைக்கு மேல் படத்தில் என்ன நிறம் என்பதைவிட, திருவள்ளூர், அரக்கோணம் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே மேல். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று முன்னறிவிப்பும் வருகிறது. மின்னலுக்கு மட்டும் என்றால் புனேவின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி, நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டத்தில் விழும் மின்னலைக் காட்டும்.

மின்னலுக்கு வருவோம். மேகத்தின் நடு உயரத்தில், உறைநிலைக்குப் பத்து இருபது பாகை கீழே, மிருதுவான ஆலங்கட்டியும் சின்னப் பனிப்பளிங்கும் உரசிக்கொள்கின்றன. கனமானது எதிர்மின்னோடு கீழே தங்க, இலேசானது நேர்மின்னோடு மேலே போகிறது. பிரிந்த மின்னூட்டம் சேரத் துடிக்கும்போது காற்றில் வழி திறந்து, அந்த வழி ஏறக்குறைய 30,000 பாகை சூடாகி வெடிப்பதையே இடி என்று கேட்கிறோம். 2022இல் மட்டும் இந்தியாவில் மின்னலுக்குப் பலியானவர்கள் 2,887 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. பெரும்பகுதி மத்தியப் பிரதேசம், பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களில், வயல்வேலையில் இருந்தவர்கள். தமிழ்நாட்டிலும் அப்படித்தான்: 2025 அக்டோபர் நடுவில் கடலூர் மாவட்டம் வேப்பூர்ப் பக்கத்தில் வயலில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் ஒரே மின்னலில் இறந்தார்கள்.

ஒரே மின்னலில் நாலு பேர் எப்படி? நேராகத் தலையில் விழும் மின்னல் மொத்தச் சாவில் 3 முதல் 5 சதவீதம் மட்டுமே. ஏறக்குறைய பாதி, அருகில் விழுந்த மின்சாரம் தரை வழியாகப் பரவிக் கால்களுக்குள் ஏறுவதால் நேர்கிறது. மரத்திலிருந்து பக்கத்தில் நிற்பவர்மேல் தாவுவது அடுத்தது. உயரமான பொருள் பக்கத்தில் இருந்தால் அது வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை உயிரைப் பறிப்பது இதனால்தான். மணலியைச் சுற்றி உண்மையான ஆபத்து எங்கே என்று பார்த்தால், எண்ணூர் முகத்துவாரத்தில் இடுப்பளவு, முழங்காலளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவுகிறவர்கள் முதலில் வருகிறார்கள். அந்தப் பரப்பில் மனிதத் தலையே உயரமான பொருள். அடுத்து விச்சூர்ப் பக்கத்துத் திறந்த வெளிகள், கட்டுமான வேலையில் சாரத்தின்மேல் இருப்பவர்கள், காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு ஓடுகிறவர்கள். துணி நனைந்தால் மறுபடி காயும்.

டி.பி.பி. சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களில் தூங்கும் டிரைவருக்கு என் ஆலோசனை, கேபினைவிட்டு இறங்க வேண்டாம் என்பது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரும்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால், மின்னல் விழுந்தாலும் வெளித்தகட்டின் வழியாக இறங்கிப்போய்விடும். டயர் ரப்பர் காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பல கிலோமீட்டர் காற்றைத் துளைத்து வந்ததற்கு ஒரு அடி ரப்பர் ஒரு தடையே அல்ல. காப்பாற்றுவது சுற்றியுள்ள இரும்புக் கூடு. வண்டிக்கு அடியில் படுத்திருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதேபோல வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கொட்டகையைவிட, கான்கிரீட் வீடு எவ்வளவோ மேல். சுவருக்குள் ஓடும் கம்பியும் குழாயும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும். ஆனால் அதே காரணத்தால் இடிக்கும்போது குழாயைத் திறந்து குளிப்பதும், வயர் மாட்டிய சார்ஜரோடு போனைப் பிடித்துக்கொண்டிருப்பதும் கூடாது. வயர் இல்லாத செல்போன் மின்னலை இழுக்காது. டி.வி., பிரிட்ஜ், இன்வெர்ட்டர் பிளக்கை மின்னல் தூரத்தில் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். தலைக்கு மேல் வெட்டும்போது சுவிட்ச் போர்டுக்குப் போகாமல் இருப்பது நல்லது.

மின்னலைப் பார்த்து இடி கேட்கும்வரை எண்ணி, மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிடுவது பழைய உபாயம். முப்பது விநாடிக்குள் கேட்டால் உள்ளே போக வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. இதில் மணலிக்கே உரிய இடையூறு, சத்தம். ஆலை இரைச்சலிலும் லாரி ஹாரனிலும் தூரத்து இடி காதில் விழாது. இந்த ஊரில் காதைவிடக் கண்ணை நம்பலாம். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் அடிக்கும் என்ற பயம் இன்னும் போகவில்லை. உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. நின்றுபோன இதயத்தைக் கையால் அழுத்தி இயக்கிக்கொண்டே 108ஐ அழைத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. தள்ளி நின்று பார்த்தால் இல்லை.

தொழிற்பேட்டைக்கு அருகே இருப்பவர்கள் மனதில் ஓடும் கேள்வி ஒன்று இருக்கிறது: மின்னல் எண்ணெய்த் தொட்டியில் விழுந்தால்? வீண் பயம் அல்ல. நாற்பது ஆண்டுகளில் உலகெங்கும் நடந்த 242 சேமிப்புத் தொட்டி விபத்துகளை அலசி 2006இல் வெளிவந்த ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் மின்னல் என்று தெரிந்தது. கியூபாவின் மத்தன்சாஸில் 2022 ஆகஸ்ட் 5 அன்று ஒரு கச்சா எண்ணெய்த் தொட்டியில் மின்னல் விழுந்து, தீ அடுத்தடுத்த தொட்டிகளுக்குத் தாவி, நான்கு தொட்டிகள் எரிந்தன. இறந்தவர்களில் தீயணைப்பு வீரர்கள் பலர். எண்ணெயின்மேல் மிதக்கும் கூரைக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையிலுள்ள விளிம்பில் பொறி பறந்து அங்கே கசியும் ஆவியைப் பற்றவைப்பதே வழக்கமான தொடக்கம். அந்த இடைவெளியில் மின்சாரம் பொறியில்லாமல் பாயத் தகடுகளும் கம்பிகளும் பொருத்துவது ஆலையின் கடமை. வெளியே இருப்பவர் செய்யக்கூடியது ஒன்று: எந்த ஆலையிலாவது சைரன் ஒலித்தால், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே விலகுவது. இடிமழை இரவில் காற்று நிமிடத்துக்கு நிமிடம் திசை மாறும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆலைப்புகையே இடியை வளர்க்கிறதா என்ற கேள்வி இதைவிட ஆர்வமூட்டுவது. இலங்கைக்குத் தெற்கே வந்து மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல் பாதையின் மேல், இருபுறக் கடலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னல் விழுவதாக 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. கப்பல் புகையின் நுண்துகள்கள் மேகத்துளிகளைச் சிறிதாக்கி, அவை மழையாக விழாமல் உறைநிலைக்கு மேலே போகவிட்டு, மின்னூட்டம் பிரியும் இடத்துக்குப் பனியை அதிகம் அனுப்புகின்றன என்பது விளக்கம். 2020 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் குறைக்கப்பட்டதும் சிங்கப்பூருக்கு அருகே அந்த மின்னல் பாதியாகக் குறைந்தது, விளக்கத்துக்கு வலுச் சேர்த்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் பெட்ரோலிய வட்டாரத்திலும் மின்னல் கூடுதல். இதை அப்படியே தூக்கி மணலிமேல் போட்டுவிட முடியாது. இங்கே கடற்காற்றும் நகரத்துச் சூடும் புகையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

எனக்கு மின்னலைவிட அதிகம் கவலை தருவது மழை விட்ட பின்பான ஒரு மணி நேரம். 2025 ஆகஸ்ட் 23 அதிகாலையில், மணலி மேக வெடிப்புக்கு ஒரு வாரம் முன்பு, கண்ணகி நகரில் தேங்கிய மழைநீரில் கால் வைத்த தூய்மைப் பணியாளர் ஒருவர் மின்சாரம் பாய்ந்து இறந்தார். நிலத்தடி கேபிளில் எங்கோ உறை பிய்ந்திருந்தால் தேங்கிய தண்ணீர் முழுக்க மின்னழுத்தம் பரவும். கேபிளுக்கு அருகே அதிகம், தள்ளிப்போகக் குறையும். நாம் அகலமாக ஓர் அடி எடுத்து வைத்தால் இரண்டு காலுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் நம் உடம்பு வழியே ஓடும். காலில் சுருக்கென்று ஏறினால் முன்னே போகாமல், பாதங்களைத் தூக்காமல், ஒட்டியபடியே தேய்த்துத் தேய்த்து வந்த வழி திரும்ப வேண்டும். பகலில் தெருவில் எங்கெங்கே பில்லர் பாக்ஸ், டிரான்ஸ்பார்மர், திறந்து கிடக்கும் தெருவிளக்குக் கம்பத்து மூடி என்று பார்த்து வைத்துக்கொள்வது, புதிதாக வீடு பார்த்து வருபவர் தண்ணீர் வசதி விசாரிப்பதற்கு இணையான காரியம். புகாருக்கு மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987, மாநகராட்சி 1913. வீட்டுக்குள் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால், மற்ற செலவுக்கு முன் அதைப் போட்டுவிடலாம்.

தண்ணீர் வடிவதும் இங்கே வானத்தின் கையில் மட்டும் இல்லை. புதுநகர் கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த சமதரை; மழைநீர் கால்வாய்கள், புழல் உபரிநீர்க் கால்வாய், கொசஸ்தலையாறு எல்லாம் கடைசியில் எண்ணூர் முகத்துவாரத்தைத் தேடித்தான் போக வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் அதிகமாக இருக்கும்போது முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. ஆகஸ்ட் 30 இரவு வளர்பிறை சப்தமி. ஏற்றவற்றம் குறைந்த நாள். அதே மழை ஒரு வாரம் முன்னால் அமாவாசையன்று பெய்திருந்தால், அல்லது ஒரு வாரம் பின்னால் பௌர்ணமியன்று, தெருக்கள் வடிய இன்னும் நேரம் பிடித்திருக்கும். மீனவர்கள் நாள்காட்டியில் முதலில் பார்ப்பது திதியைத்தான். மழைக்காலத்தில் மற்றவர்களும் பார்க்கலாம்.

இந்தக் கணக்கெல்லாம் புரட்டாசி வரைதான். ஐப்பசித் தொடக்கத்தில் காற்று திரும்புகிறது. மேற்கே பார்த்துப் பழகியவர் இப்போது கிழக்கே பார்க்க வேண்டும். இரவில் நிலம் குளிர்ந்து கரைக்காற்று கடலை நோக்கி நகர, வங்கக் கடலிலிருந்து வரும் வாடை அதன்மேல் மோதுகிறது. மேகம் கடலுக்கு மேலேயே எழும்புகிறது. மழை விடியற்காலையில், எண்ணூர், கத்திவாக்கத்தை முதலில் நனைத்துவிட்டு உள்ளே வருகிறது. ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு வெளியே வருபவரும், ஷிப்டுக்குப் போகிறவரும் சாலையில் இருக்கும் நேரம் அது. புயல் என்றால் சில நாள் முன்பே சொல்லிவிடுவார்கள். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் காட்டியதுபோல, மழை நின்ற பிறகும் பூண்டி, புழல் ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்துகொண்டே இருக்கும். பூண்டியில் எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்ற செய்தியை மேற்கே மின்னுவதைப்போல் அப்போது கவனிக்க வேண்டியிருக்கும்.